கெட்டில் வழிசல்

"தாங்கள் அனுப்பிய கைக்காப்பு க்ரீமைப் பூசிய எங்கள் ஆட்களில் ஏழு பேருக்குப் புறங்கை சிவந்து எரிகிறது. இருவருக்குக் கொப்புளம். சில டப்பாக்களில் க்ரீமுக்குள் இளஞ்சிவப்பாகக் கோடு ஓடுகிறது. உடனே விளக்கம் தேவை."

2001 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை என்று தேதியிட்ட கடிதம் இது. எழுதியவர் எண்ணூரில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு பட்டறையின் பாதுகாப்பு அலுவலர். எங்கள் கைக்கு வந்தது மறுநாள் புதன், காலை பத்தே காலுக்கு. தபால் வந்த நேரத்தைக்கூட எழுதி வைப்பவன் நான். "எல்லாத் தேதியும் இருக்கு, நம்ம கல்யாண நாளைத் தவிர" என்று என் நோட்டைப் பற்றி என் மனைவி சொல்வதுண்டு. அது உண்மையில்லை, அதுவும் இருக்கிறது, முதல் பக்கத்தில்.

புதிதாகத் தரப் பரிசோதனைக்கு வந்திருக்கும் நீங்கள், க்ரீமில் சேர்க்கும் பொருள்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டீர்கள். எதை எவ்வளவு சேர்க்கலாம் என்ற அட்டவணைகள் என்னிடம் இருப்பதைவிட நல்லவையாகவே உங்களிடம் இருக்கும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே நான் எப்படிக் கவிழ்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்கும் ஒரு லாரி ஷெட்டுக்கும் நடுவே எங்கள் தொழிற்சாலை இருந்தது. முகத்துக்குப் பூசும் க்ரீம் எதுவும் நாங்கள் செய்ததில்லை. வேலையைத் தொடங்குமுன் கையில் தடவிக்கொண்டால் எண்ணெயும் பெயிண்டும் நேரே தோலில் ஏறாமல் தடுக்கும் க்ரீம் ஒன்றுதான் எங்கள் சரக்கு. துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை பட்டறைகள் வாங்கும். அதில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு சேர்ப்போம். தோலுக்கு நல்லது. ஆனால் வியர்வை பட்டதும் அந்தக் கொழுப்பு தன் பூர்வீகத்தைக் காட்டிவிடும். பட்டறைகளில் எங்கள் சரக்குக்கு வழங்கிய பெயர் 'கிடா க்ரீம்'.

"பூசிகினு பஸ்ல ஏறுனா பக்கத்துல எவனும் குந்த மாட்றான் சார்" என்று எண்ணூர்ப் பட்டறையில் ஒருவர் என்னிடமே முறையிட்டார். க்ரீமை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வேலை செய்தார்கள். பூசாத க்ரீம் யாரையும் காப்பதில்லை. எனவே வாசனை சேர்ப்பது என்று முடிவாயிற்று. முதலில் மல்லிகை. பூசிக்கொண்ட பெரிய மீசைக்காரர்களைப் பார்த்து, "இன்னா மாமு, இன்னிக்குத்தான் மொத ராத்திரியா?" என்று பட்டறையே கேட்க, மல்லிகை ஒரே வாரத்தில் ஒழிந்தது. அடுத்தது எலுமிச்சை. பாரிமுனைப் பக்கம் ஒரு வாசனை எண்ணெய் வியாபாரியிடம் சின்ன கேன் ஒன்று வாங்கினோம்.

புதுப் பொருளைச் சோதித்து அனுமதிக்க வேண்டியது கெமிஸ்டான என் வேலை. எலுமிச்சை சேர்த்த க்ரீமை ஐந்து நாள் காலையில் என் முன்கையில் தடவி, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சிவப்பில்லை, அரிப்பில்லை. 'தோலுக்குத் தீங்கில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை எலுமிச்சைத் தொகுதி தயாரானது. கேன் அதோடு காலி. 25ஆம் தேதி ஆயுத பூசை. 29, திங்களன்று அடுத்த தொகுதி, வாசனை இல்லாமல். இரண்டும் ஒரே லாரியில் எண்ணூர் போயின. தொகுதி எண்ணை அட்டைப் பெட்டிமேல் ஒட்டினோமே தவிர டப்பாமேல் ஒட்டவில்லை. பட்டறையில் பெட்டிகளைக் கிழித்து எறிந்துவிட்டு எல்லா டப்பாக்களையும் ஒரே பலகையில் அடுக்கிவிட்டார்கள். எது எந்தத் தொகுதி என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்போது நீங்கள் டப்பாவின் அடியில் ஒரு எண்ணைப் பார்க்கிறீர்கள் இல்லையா? அது வந்த கதை இதுதான்.

இளஞ்சிவப்புக் கோடு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. க்ரீம் கிண்டும் ஆவிக் கொப்பரையை நாங்கள் கெட்டில் என்போம். அதை ஓட்டியவர் முனுசாமி. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். பதினோரு வருடமாக அந்தக் கெட்டில் அவருக்கு ஒரு குழந்தை மாதிரி. ஆயுத பூசைக்கு முந்தின நாள் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போடுவார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"முனுசாமி, குங்குமம் எங்கெல்லாம் வெச்சே?"

"வெளிய மூணு பொட்டு சார். மூடிக்கு உள்பக்கம் ஒண்ணு."

"உள்பக்கம் எதுக்கு?"

"வேலை செய்யறது உள்பக்கம்தான சார்? வெளிய இருக்கிறது சும்மா தகரம்."

நியாயம்தான். பூசை முடிந்து மூடியைத் துடைத்திருக்கிறார். ஓரத்தில் தங்கிய குங்குமம் 29ஆம் தேதி ஆவி பட்டதும் கரைந்து இறங்கியிருக்கிறது. குங்குமத்தில் சேரும் சாயம் சிலருடைய நெற்றியில் அரிப்பையும் கருப்பையும் உண்டாக்கும் என்று நான் படித்திருந்தேன். நிறையப் படிப்பவனுக்கு ஒரு ஆபத்து உண்டு: படித்தது கண்ணெதிரே வந்துவிட்டால் அவன் யோசிப்பதை நிறுத்திவிடுவான். அன்று மாலைக்குள் அறிக்கை தயார். 'காரணம்: கெட்டில் மூடியிலிருந்து குங்குமம் கலந்தது. பொறுப்பு: முனுசாமி. பரிந்துரை: கோடு தெரியும் டப்பாக்களை மட்டும் உடனே திரும்பப் பெறுக.'

அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதன் பிறகு எண்ணூரில் மறுநாள் மதியம் வரை மற்ற டப்பாக்களை நிம்மதியாகப் பூசிக்கொண்டார்கள், என் பேச்சை நம்பி.

எங்கள் முதலாளி தூத்துக்குடிக்காரர், கிறிஸ்தவர். ஆயுத பூசைக்குப் பொரிகடலைப் பொட்டலத்தை ஒவ்வொருவருக்கும் அவர் கையாலேயே கொடுப்பார். பூசையன்று முனுசாமிக்கு அடுத்தபடி உற்சாகமாக இருப்பவர் அவர்தான். அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் சொல்லுதீங்க? கெட்டிலுக்கு உள்ள பொட்டா? அதென்ன நெத்தியா?"

"துடைச்சதாத்தான் சொல்றார்."

"ஏழு பேருக்குக் கை வெந்து கிடக்கு. எண்ணூர்க்காரன் போனா நமக்குப் பாதி வேலை போச்சு. அவனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? தப்பு செஞ்சவன அனுப்பிட்டோம்னுதான் சொல்ல முடியும்." மேசை நாட்காட்டியைப் பார்த்தார். "சனிக்கிழமையோட முனுசாமிக்குக் கணக்கு தீர்த்துருவோம்."

தீபாவளி அடுத்த புதன்கிழமை. சனிக்கிழமை என்றால், பதினோரு வருடம் வேலை பார்த்தவர் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு, ஊழியர்கள் கையைப் பொசுக்கியவர் என்ற பெயரோடு வெளியே போக வேண்டும். அந்தப் பெயரோடு அந்த வட்டாரத்தில் இன்னொரு கெட்டிலை யாரும் அவரிடம் கொடுக்க மாட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் சந்தேகம் இல்லை. அப்படிப்பட்ட வருத்தத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் முனுசாமி என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு அரை மணி நேரம் எங்கூட வர்றியா? எங்க சந்து வரைக்கும்."

"எதுக்கு?"

"கையப் பாக்க."

"யார் கையை?"

"வா சார், சொல்றேன். இங்க சொன்னா அதுக்கு வேற தனியா சீட்டு கிழிச்சிடுவீங்கோ."

அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில்தான் சொன்னார். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் கெட்டிலின் சுவரில் ஒட்டியிருக்கும் க்ரீமை வழித்து எடுப்போம். அதுதான் வழிசல். அதைக் கழிவுத் தொட்டியில் கொட்ட வேண்டும் என்பது விதி. 'வழிசலை வெளியே எடுத்துச் செல்வது வேலைநீக்கத்துக்குரிய குற்றம்' என்று 1998 ஜூன் மாதம் சுற்றறிக்கை போட்டிருந்தோம். எழுதியவன் நான். அதற்கு முன்பும் பின்பும் முனுசாமி ஒவ்வொரு வழிசலையும் பழைய எண்ணெய் டின்னில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். சந்து முழுக்க அதைத்தான் பூசிக்கொள்கிறதாம். ஐஸ் உடைப்பவர்கள், வலை இழுப்பவர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள், எல்லாரும்.

"அறிவிப்பு போட்டிருக்கேனே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். அப்பால இருந்து டின்ன சோத்து கேரியருக்குள்ள வெச்சு எடுத்துகினு போனேன்."

அவருடைய நிலைமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. குங்குமக் குற்றத்திலிருந்து தப்ப அவரிடம் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியைக் கூப்பிட்டால் வழிசல் குற்றத்தில் மாட்டுவார். எப்படியும் வேலை போகும் என்றால் உண்மைக்காவது போகட்டும் என்று வந்திருந்தார்.

சந்தின் முனையில் தெரசா என்ற அம்மாள் கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா முன்சாமி, யாரு இது? இன்சூரன்ஸா?"

"எங்க கெமிஸ்ட் சாரு, அக்கா. அந்த க்ரீமு இவரு பாத்து ஓகே பண்றதுதான்."

"அட! நீதானா நைனா அது? இத்த நீயே பாரு." இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். புறங்கையிலும் முன்கையிலும் திட்டுத் திட்டாகக் கருப்பு. ஓரிடத்தில் உடைந்து காய்ந்த கொப்புளம். "வாசனைன்னா வாசனை, ஷோக்கா இருந்திச்சு. பாயில கருவாடு போட்டுகினு இருந்தேன், சர்பத் கடைல நிக்கிறா மாதிரி இருந்திச்சு. மறுநாள் பாத்தா கை பேஜாராயிடுச்சு."

"எது? அந்தச் செவப்புக் கோடு போட்டதா?"

"செவப்பா? அது அப்பால வந்தது. அத்ததான் இப்போ பூசிகினு கீறேன், அது ஒண்ணியும் பண்ல. எரிஞ்சது எலுமிச்சம்பழம். பூசைக்கு முன்னால குடுத்தானே, அது."

நான் நின்ற இடத்திலேயே நோட்டை எடுத்தேன். எலுமிச்சை வழிசல் அக்டோபர் 19இல் வந்தது. இவர் கை கறுத்தது அடுத்த வாரத் தொடக்கத்தில். கெட்டிலில் குங்குமம் வைத்தது அதற்கும் பிறகு. அதாவது எண்ணூர்க் கடிதத்துக்கு இரண்டு வாரம் முன்பே இந்தச் சந்துக்கு விஷயம் தெரியும்.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

தெரசா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "யாராண்ட சொல்றது? திருட்டு க்ரீமு பூசிகினோம், கை எரியுதுன்னு உங்க ஆபீசாண்ட வந்து பெட்டிஷன் குடுக்கவா? இவன் வேலையே பூடும்னுதான் டின்ன கடல்ல வுட்டுட்டு கம்முனு இருந்தோம்."

என் சுற்றறிக்கை வழிசலை நிறுத்தவில்லை. வழிசலைப் பற்றிய செய்தியைத்தான் நிறுத்தியிருந்தது.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. அதே எலுமிச்சை வழிசலைப் பூசிய ஐஸ் கிடங்கு ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு பேர் கையைப் பார்த்தேன், சுத்தம். எனக்கும்தான் ஐந்து நாள் பூசி ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் தெரசாவுக்கு மட்டும் ஏன்?

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் எண்ணூருக்குப் போன் செய்தேன். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் டப்பா எதையும் யாரும் தொட வேண்டாம் என்றேன். புதன்கிழமை பத்தே காலுக்குச் செய்திருக்க வேண்டிய வேலை. காரணம் தெரிந்த பிறகு நிறுத்தலாம் என்று ஒருபோதும் காத்திருக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு உட்கார்ந்து துப்பறியலாம். "நேத்துதான் மத்ததப் பூசலாம்னீங்க?" என்றார் பாதுகாப்பு அலுவலர். "நேற்று நான் சொன்னது தப்பு" என்றேன்.

வெள்ளி காலை தெரசாவை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. க்ரீமில் என்னென்ன இருக்கிறது என்று நான் தேதிவாரியாக எழுதிய பட்டியலை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தெரசாவின் வளையல்களை மேலே தள்ளினார். ஒரு டஜன் கண்ணாடி வளையல் மூடியிருந்த இடத்தில் தோல் பழைய நிறத்திலேயே இருந்தது. அதற்கு மேலும் கீழும்தான் கருப்பு.

"க்ரீம் வளையலுக்கு அடியிலயும் பூசினீங்களா?"

"ஆமா கண்ணு, வளையலத் தூக்கிட்டு முழங்கை வரைக்கும் பூசுவேன்."

"எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பீங்க?"

"கருவாட்ட நெழல்லியா காய வெப்பாங்கோ?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "இது க்ரீம் மட்டும் பண்ணினது இல்ல. க்ரீமும் வெயிலும் சேர்ந்து பண்ணினது. எலுமிச்சைத் தோல்ல இருக்கிற சில பொருள் தோல்மேல இருக்கும்போது வெயில் பட்டா இப்படி ஆகும். நீங்க இதை யார்கிட்ட சோதிச்சீங்க?"

"என் கையில்."

"சட்டையைச் சுருட்டுங்க."

சுருட்டினேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் முழுக்கைச் சட்டைதான். முன்கை உரித்த வேர்க்கடலை மாதிரி இருந்தது.

"இந்தக் கை வெயிலைப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு சார்?" என்றார் டாக்டரம்மா. முனுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தெரசா அந்த மரியாதைகூடப் பார்க்கவில்லை. "நைனா, நீ ஐஸ் கெடங்குல வேலைக்குப் போ, ஒண்ணியும் ஆவாது" என்றார்.

வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கான பொருளை நிழலில் சோதித்திருக்கிறேன். எண்ணூர்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன். ஏழு பேரும் கூரையில்லாத முற்றத்தில் சட்டங்களைத் தேய்ப்பவர்கள். கூரைக்குக் கீழே அதே பலகையிலிருந்து டப்பா எடுத்துப் பூசியவர்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அக்டோபர் கடைசியில் மழை விட்டு நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தது என் நோட்டிலேயே இருக்கிறது.

அன்று மதியம் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். டாக்டரம்மாவிடம் இதற்காகப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு டப்பாவைத் தேதியிட்டுப் பூட்டி வைப்பது என் வழக்கம். 19ஆம் தேதி டப்பாவை எடுத்து இடது முன்கையில் தடவி, அதில் பாதியைத் துணியால் மூடிக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்றேன். லாரி ஷெட்டிலிருந்து மூட்டை தூக்குபவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னா முன்சாமி, மேல யாருபா?"

"எங்க கெமிஸ்ட் சாரு. கருவாடா ஆவுறாரு."

கை சிவக்க ஓரிரு நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முனுசாமிக்கு இருந்ததோ மறுநாள் சாயங்காலம் வரைதான். என் கை என்ன சொல்லப் போகிறது என்று காத்திருக்க நேரமில்லை. வளையலும் கூரையில்லாத முற்றமும் போதும் என்று முடிவு செய்து, மாடியிலிருந்து இறங்கியதும் அறிக்கையைத் திருத்தி எழுதிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். ஒரு கையில் புது அறிக்கை, இன்னொரு கையில் என் 98ஆம் வருடச் சுற்றறிக்கை.

"முதலில் இதைக் கிழியுங்க. பிறகுதான் நான் பேச முடியும்" என்று சுற்றறிக்கையை நீட்டினேன்.

"எதுக்குக் கிழிக்கணும்?"

"கிழிச்ச பிறகு சொல்றேன்."

"இதென்ன சார், பொருட்காட்சில வித்தை காட்டுற மாதிரி இருக்கு?" முறைத்தார். என்னை அப்படி அவர் பார்த்ததே இல்லை. பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டாகக் கிழித்தார். "ம், சொல்லுங்க."

சந்தில் தொடங்கி மாடி வரை வரிசையாகச் சொன்னேன். முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருசமா என் க்ரீமை ஒரு சந்தே பூசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல."

"கருவாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு."

"சிரிக்காதீங்க சார். அப்போ யாரு தப்பு?"

"எலுமிச்சைக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டது நான். வெயிலை நினைச்சே பார்க்கல. அப்புறம் தேதியைச் சரிபார்க்காம குங்குமத்துமேல பழியைப் போட்டதும் நான். அறிக்கையில அப்படியே எழுதியிருக்கேன். சனிக்கிழமை யாரையாவது அனுப்பணும்னா..."

"உங்கள அனுப்பிட்டு நான் யாரை மாடியில காயப் போடுவேன்?" என்றார். அறிக்கையை இரண்டு முறை படித்தார். 'முனுசாமி' என்ற பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர் இருந்தது. அதன் கீழே கையெழுத்திட்டு அன்றே எண்ணூருக்கு ஆள்மூலம் அனுப்பினார். பிறகு கெட்டில் பக்கம் பார்த்து, உள்ளே வரச் சொல்லாமலே சத்தம் போட்டார்: "ஏ முனுசாமி! அடுத்த வருசம் பொட்ட சுவத்துல வைலே! உள்ள வச்ச, நானே வந்து உன்னக் கெட்டில்ல போட்டுக் கிண்டுதேன்!"

"சரி மொதலாளி" என்று வந்த குரலில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியாது. அவர் கெட்டிலைத் தேய்க்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே தேய்த்த கெட்டில்.

ஞாயிறு காலை என் கையில் மூடாத பாதி சிவந்தது. திங்களன்று கொப்புளித்தது. மூடிய பாதி வேர்க்கடலையாகவே இருந்தது. அதே திங்களன்று எண்ணூர் டப்பாக்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஆட்களின் கைகள் ஆறின. கருப்புத் திட்டுகள் மறைய மாதக்கணக்கில் ஆயிற்று. பட்டறை எங்களை விட்டுப் போகவில்லை. வாசனையே வேண்டாம், கிடாவே போதும் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

வழிசலை முறையாகவே சந்துக்குக் கொடுத்து, விளைவை எழுதி வாங்கலாமே என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அவங்க உங்க சோதனை எலி இல்ல சார். தேறின சரக்கைக் குடுங்க. எதுக்குக் குடுக்கறீங்கன்னு சொல்லிக் குடுங்க. கை எரிஞ்சா யார்கிட்ட வரணும்னும் சொல்லுங்க" என்றார். என்னைவிட இருபது வயது சின்னவர். அப்படியே செய்தோம். மாதம் ஒரு பெட்டி, எண் போட்ட டப்பாக்கள், சந்துக்குப் போயின. மாதம் ஒருமுறை தெரசா தொழிற்சாலை வாசலுக்கு வந்து, எல்லார் காதிலும் விழும்படி, க்ரீமில் என்னென்ன குறை என்று சொல்லிவிட்டுப் போவார். நான் வாங்கிய தர அறிக்கைகளில் அவ்வளவு விவரமானவை வேறில்லை.

ஒரு விஷயம் பாக்கி. எலுமிச்சை எண்ணெயில் இரண்டு வகை உண்டு. பழத் தோலைப் பிழிந்து எடுப்பது ஒன்று; காய்ச்சி வடிப்பது இன்னொன்று. வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள் பிழிந்த எண்ணெயில் இருக்கும், வடித்ததில் அநேகமாக இருக்காது. நாங்கள் வாங்கியது எது என்று கேட்க டிசம்பரில் பாரிமுனை வியாபாரியிடம் போனேன். "எலுமிச்சை கேட்டீங்க, எலுமிச்சை குடுத்தேன்" என்றார். அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. கேனை நாங்கள் கழுவிவிட்டோம். பூட்டி வைத்த டப்பாவை வெளியே சோதனைக்கு அனுப்பினேன்; க்ரீமில் கலந்த பிறகு பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

பொருள் பதிவேட்டில் அந்தக் கேனுக்கு எதிரே 'எண்ணெயின் வகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் பதிவேட்டை முடிக்கும்போதெல்லாம் முனுசாமி எட்டிப் பார்ப்பார்.

"அத்த இன்னும் சும்மா வுட்டுகீற? பிழிஞ்சதுன்னு எழுதிடேன் சார். அதுவாத்தான் இருக்கும். யாரு வந்து கேக்கப் போறாங்கோ?"

அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். குங்குமம்தான் என்றும் ஒரு புதன்கிழமை மாலை நினைத்தேன். இந்தப் பதிவேடு இப்போது உங்களிடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருப்பது இரண்டே சொற்கள்: 'உறுதி செய்யப்படவில்லை.' இதை எழுதும் இன்று வரை அதுதான் நிலை.